காயமும் காலமும்: இராணுவ அறுவை மருத்துவர் உருவாகும் விதம்

புனேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு பழையது. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலை, ஆயுதக் கிடங்கு வேலைகளுக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மில் பலர். என் தந்தையாரும் அப்படி வந்தவர்தான். ஆகவே சீருடை நமக்குப் புதிதல்ல. இருந்தும், நான் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து நம் சங்கத்துப் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் என்னிடம் கேட்கிறார்கள்: "ஏன் சார், டாக்டருக்குப் படிச்சுட்டு எதுக்குப் பட்டாளத்துக்குப் போகணும்? அங்கே போய் என்ன பெரிய ஆபரேஷன் கத்துக்க முடியும்?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போக வேண்டுமா என்பதை அந்தந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். என்ன கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் பதில் சொல்லலாம். நம் மலரில் இவ்வாண்டு அதையே எழுத முனைந்தேன்.

யார் இந்த டிராமா சர்ஜன்?

விபத்தினாலோ ஆயுதத்தினாலோ உடலில் ஏற்படும் காயத்தை மருத்துவர்கள் டிராமா என்கிறோம். இதயத்துக்கு ஒரு நிபுணர், சிறுநீரகத்துக்கு ஒரு நிபுணர் என்று இருப்பதுபோல் இவரை ஓர் உறுப்புக்குள் அடக்க முடியாது. குண்டு உறுப்புப் பார்த்துப் பாய்வதில்லை. வயிற்றில் நுழைந்தது நுரையீரல் வழியாக வெளியேறலாம். போகிற வழியில் எதை எதைக் கிழித்தது என்று கண்டுபிடித்து, சாகடிக்கக்கூடியதை முதலில் நிறுத்தி, மற்றதைப் பிறகு சரிசெய்பவரே டிராமா சர்ஜன்.

நம் இராணுவத்தில் இந்தப் பணியைப் பெரும்பாலும் பொது அறுவை மருத்துவரே செய்கிறார். எம்.எஸ். முடித்த ஒரு சர்ஜன், பயிற்சியாலும் பணியிடங்களாலும் கொஞ்சம் கொஞ்சமாக டிராமா சர்ஜனாக மாறுகிறார். ஒரே ஒரு பட்டத்தால் வந்துவிடுகிற தகுதி இது அல்ல.

ஏறவேண்டிய படிகள்

முதல் படி நம் ஊரிலேயே இருக்கிறது. ஆயுதப் படைகள் மருத்துவக் கல்லூரி 1948 மே மாதம் புனேயில் தொடங்கப்பட்டது. இளநிலை எம்.பி.பி.எஸ். வகுப்புகள் 1962-இல் ஆரம்பமாயின. இப்போது அதற்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. மாணவர் நீட் எழுத வேண்டும். கலந்தாய்வுத் தளத்தில் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் அழைக்கப்படுபவர்களுக்குப் புனேயில் ஆங்கில அறிவையும் தர்க்க அறிவையும் சோதிக்கும் ஒரு தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், உடல்தகுதிச் சோதனை எல்லாம் நடக்கும். நீட்டைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் இங்கே நடக்கும் தேர்வு ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் ஊரில் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இந்திய மாணவர்களுக்கு 145 இடங்கள். அவற்றில் 30 பெண்களுக்கு. உடல்தகுதி விதிகளை அவ்வாண்டு அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

கல்விக் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்ததும் படையில் பணியாற்றியே ஆக வேண்டும். நிரந்தரப் பணியும் கிடைக்கலாம், 7 ஆண்டுக் குறுகிய காலப் பணியும் கிடைக்கலாம். வேறு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் குறுகிய காலப் பணி வழியாகப் பிறகு சேரலாம். எனவே நீட்டில் இந்தக் கல்லூரி தவறிப்போனால் கதவு மூடிவிட்டதாக எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி, லக்னோவில் உள்ள இராணுவ மருத்துவப் படையின் பயிற்சி மையம். வரைபடம் படிப்பது, ஆயுதம் கையாள்வது, காயமுற்றவரை அப்புறப்படுத்துவது போன்றவற்றை மருத்துவர்கள் அங்கே கற்கிறார்கள். மூன்றாம் படி, ஒரு பட்டாலியனுக்கோ கப்பலுக்கோ விமானத் தளத்துக்கோ மருத்துவராகப் போவது. நான்காவது, மூன்றாண்டு எம்.எஸ். படிப்பு. புனே, டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, லக்னோ போன்ற இடங்களின் பெரிய படை மருத்துவமனைகளில் இது நடக்கிறது. ஐந்தாவது, தகுதிபெற்ற நிபுணராகக் கள மருத்துவமனைகளில் பணி. அதன் பிறகே மூத்த நிபுணர் என்ற தரம்.

கூட்டிப் பாருங்கள். எம்.பி.பி.எஸ்.ஸும் உள்ளிருப்புப் பயிற்சியும் ஐந்தரை ஆண்டு. பட்டாலியன் பணி இரண்டு முதல் நான்கு ஆண்டு. எம்.எஸ். மூன்று ஆண்டு. மேற்பார்வையில் பழகும் காலம் இரண்டு, மூன்று ஆண்டு. +2 முடித்த பிள்ளை தன் பொறுப்பில் ஒரு போர்க்காயத்தைத் திறக்கும்போது முப்பது வயதைத் தாண்டியிருப்பான்.

கத்தி பிடிக்கும் முன்

இந்தப் படிகளில் பலரும் "வீணாப்போன வருஷம்" என்று நினைப்பது பட்டாலியன் பணியைத்தான். கூடப் படித்தவர்கள் எம்.எஸ்., எம்.டி. என்று முன்னேறும்போது நாம் மட்டும் எங்கோ ஒரு மலையில் 800 பேருக்குச் சளியும் காலாணியும் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கும் அப்போது அலுப்பாகத்தான் இருந்தது.

ஆனால் போர்க்களத்தில் ஒருவர் உயிர் பிழைப்பாரா இல்லையா என்பது பெரும்பாலும் அறுவை மேசைக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்கப் படைகளின் 2001 முதல் 2011 வரையிலான 4,596 களச் சாவுகளை ஆராய்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் எந்த மருத்துவமனையையும் அடையுமுன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. அந்த நான்கில் ஒரு பங்கிலோ ஏறத்தாழ 91 விழுக்காட்டினர் இரத்தப்போக்கால் போனவர்கள். உலகத்தின் தலைசிறந்த சர்ஜனை மருத்துவமனையில் உட்கார வைத்திருந்தாலும் இவர்களுக்குப் பயன் இருந்திருக்காது. பக்கத்தில் படுத்திருந்த சிப்பாய்க்குத் தொடையில் இறுக்குப்பட்டை போடத் தெரிந்திருந்தால் பயன் இருந்திருக்கும்.

அந்தச் சிப்பாய்க்குக் கற்றுக்கொடுப்பவர்தான் பட்டாலியன் டாக்டர். நம் படையில் காயம்பட்டவர் போகும் வழி ஒரு சங்கிலி போன்றது. முதலில் தோழன், பிறகு களத்து மருத்துவ உதவியாளர், பிறகு பட்டாலியன் டாக்டரின் உதவி நிலையம், முன்னணிக் கட்டு நிலையம், முன்னணி அறுவை மையம், கடைசியில் ஸ்ரீநகர், உதம்பூர், சண்டிமந்திர் போன்ற இடங்களின் பெரிய மருத்துவமனைகள். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் வகுக்கிறார். களத்தில் ஐந்தாவதாக வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1999 கார்கில் போரில் 16,000 அடிக்கும் மேலான முகடுகளில் சண்டை நடந்தது. அங்கே காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் நான்கு பேர் சுமந்து இறக்குவதே பல மணி நேர வேலை. சியாச்சினில் 20,000 அடிக்கு மேலும் காவல் நிலைகள் உண்டு. காற்று மெலிய மெலிய ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறையும்; வானிலை கெட்டால் அதுவும் வராது. இந்த வழியைத் தன் கால்களால் நடந்து பார்த்த மருத்துவர், பின்னாளில் சர்ஜனாகி மேசை முன் நிற்கும்போது, தன் முன் கிடப்பவர் எத்தனை மணி நேரம் குளிரில் இரத்தம் இழந்து வந்திருக்கிறார் என்று பார்த்த உடனே ஊகிப்பார்.

போர்க்காயம் வேறு வகை

பதிற்றுப்பத்தில் பரணர், போரில் கிழிந்த வீரர்களின் மார்பைத் தைக்கும் நீண்ட வெண்ணிற ஊசியை, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திப் பறவைக்கு ஒப்பிடுகிறார். போர்க்கள அறுவைச் சிகிச்சை பற்றி இவ்வளவு பழமையான குறிப்பு நம் மொழியில் இருப்பது பெருமைக்குரியது. ஆனால் இன்று அதே களத்தில் சர்ஜன் பயிலும் முதல் பாடம், காயத்தை உடனே தைக்காதே என்பதுதான்!

காரணம் எளிது. வாள் கிழித்த காயம் ஒரு கோடு. அதிவேகத் துப்பாக்கிக் குண்டு தசைக்குள் பாயும்போது ஒரு கணம் பெரிய குழி போல விரித்துவிட்டுப் போகிறது. அந்தக் குழி சுருங்கும்போது துணிநூல், மண், அழுக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியில் பார்த்தால் ஒரு சின்னத் துளைதான் தெரியும். உள்ளே கைம்முட்டி அளவுக்குச் செத்த தசை இருக்கும். இதன் மேல் தையல் போட்டு மூடினால் உள்ளே சீழ் பிடித்து, கால் போகும், சில நேரம் உயிரும் போகும். ஆகவே செத்த தசையை வெட்டி எடுத்து, கழுவி, திறந்தபடியே கட்டுப்போட்டு அனுப்பிவிட்டு, நான்கைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் மூட வேண்டும். முதல் உலகப் போர் கற்பித்த பாடம் இது. நகரத்து மருத்துவமனையில் நேர்த்தியான தையலுக்குப் பாராட்டு வாங்கிப் பழகிய கைக்கு இது அவ்வளவு எளிதில் வராது.

குறைத்துச் செய்யும் துணிவு

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. நிறைய இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்துபோகும். இரத்தத்தில் அமிலம் ஏறும். இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். இந்த மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். மேசையில் வைத்து நாம் மணிக்கணக்கில் செய்யும் 'முழுமையான' அறுவை, இந்தச் சுழலை இன்னும் ஆழமாக்கும். சிகிச்சை வெற்றி, நோயாளி போய்விட்டார் என்ற கதைதான். 1993-இல் அமெரிக்க மருத்துவர்கள் ரொட்டொண்டோவும் ஷ்வாபும் இதற்கான மாற்று முறைக்குச் 'சேதக் கட்டுப்பாடு' என்று பெயர் கொடுத்தார்கள். அது கடற்படைச் சொல். அடிபட்ட கப்பலை நடுக்கடலில் யாரும் முழுமையாகப் பழுது பார்ப்பதில்லை. ஓட்டையை அடைத்து, தீயை அணைத்து, மூழ்காமல் துறைமுகம் சேர்ப்பார்கள்.

காஷ்மீரில் ஒரு முன்னணி அறுவை மையத்தில் நான் இருந்தபோது, குண்டுச் சிதறல் வயிற்றில் பாய்ந்த ஒரு ஜவானை நள்ளிரவுக்குப் பின் கொண்டுவந்தார்கள். வயது 23. என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க தமிழா? நான் வேலூர் பக்கம் சார்" என்றான். அவ்வளவுதான் பேசினான். வயிற்றைத் திறந்தால் கல்லீரல் கிழிந்திருந்தது, குடலில் மூன்று இடத்தில் ஓட்டை. மயக்க மருத்துவர் உடல்வெப்பம் 34 டிகிரி என்றார். குடலை வெட்டி இணைத்துத் தைக்க எனக்குத் தெரியும்; எம்.எஸ். தேர்வுக்கே படித்ததுதான். ஆனால் அங்கே அதைச் செய்யவில்லை. கல்லீரலைச் சுற்றித் துணிகளை அடைத்தோம். குடலின் கிழிந்த பகுதிகளைக் கட்டி நிறுத்தினோம். வயிற்றை மூடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையால் போர்த்தினோம். மொத்தம் 50 நிமிடம். பிறகு சூடேற்றுவதும் இரத்தம் ஏற்றுவதும்தான் வேலை. கையிருப்பு தீர்ந்தபோது எங்கள் சமையல்காரர் உட்பட நான்கு பேர் இரத்தம் கொடுத்தார்கள். விடிந்ததும் ஹெலிகாப்டர் வந்தது, அனுப்பிவிட்டோம்.

மீதி அறுவையை இரண்டு நாள் கழித்து வேறொரு சர்ஜன், வேறொரு ஊரில் செய்தார். ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில், "உங்க ஊர்க்காரன் ரசம் கேட்டு அடம்பிடிக்கிறான்யா" என்றார். அந்த ஜவானை நான் மறுபடி பார்க்கவே இல்லை. இராணுவ சர்ஜனின் வாழ்க்கையில் இது சகஜம். சங்கிலியில் ஒரு கண்ணியாக நின்று, நம் பங்கை மட்டும் செய்துவிட்டு, முடிக்கும் பெருமையை அடுத்தவரிடம் ஒப்படைக்கப் பழக வேண்டும். இந்த வேலைக்கு யார் பொருத்தமானவர் என்று என்னைக் கேட்டால் கைத்திறனை இரண்டாவதாகத்தான் சொல்வேன். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரே முதலில்.

யாரை முதலில்?

ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் வந்து, மேசை ஒன்றே இருந்தால் என்ன செய்வது? வரிசைப்படுத்த வேண்டும். இந்த முறையைப் போரில் ஒழுங்காகப் புகுத்தியவர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரி. பதவி பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து எடுக்க வேண்டும் என்றார் அவர். நாமும் முதல், இரண்டாம், மூன்றாம் முன்னுரிமை என்று பிரிக்கிறோம். உரக்கக் கத்துபவருக்குப் பெரும்பாலும் காத்திருக்கும் தெம்பு இருக்கிறது. ஓசையின்றிக் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது இளம் மருத்துவருக்கு நாங்கள் சொல்லும் பாலபாடம். எல்லாவற்றிலும் கடினம், காப்பாற்ற முடியாது என்று தெரிந்த ஒருவரை ஓரமாக வைத்து, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரை நியமித்துவிட்டு அடுத்தவரிடம் போவது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எளிதாக்கித் தராது.

அந்த வரிசையில் எதிரிப் படை வீரனும் உண்டு. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, சிகிச்சையின் முறையை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம். நம் ஆளுக்குச் சிறு காயம், அவன் ஆளுக்குப் பெரிய காயம் என்றால் மேசை அவனுக்குத்தான். "எப்படி சார் மனசு வரும்?" என்று கேட்பார்கள். மேசையில் படுத்துவிட்டால் எல்லோருக்கும் நாடித்துடிப்பு ஒன்றுதான் என்பதே என் அனுபவம்.

நமக்கொரு முன்னோடி

இத்துறையில் நாம் நினைவில் வைக்க வேண்டிய பெயர் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1941-இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்திய வீரர்களில் ஒருவர். கொரியப் போரின்போது 1950-இல் இந்தியா அனுப்பிய 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1951 மார்ச் 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்க வான்படைவீரர்களோடு சேர்ந்து அந்தப் பிரிவினர் 12 பேர் களத்தில் குதித்தார்கள். மருத்துவம் காயம்பட்டவனைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று ஏது? மகாவீர் சக்ரா பெற்ற அவர், பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் ஈடுபட்டார்.

பெற்றோர் கேட்கும் மற்ற கேள்விகள்

"பெண்பிள்ளையை அனுப்பலாமா?" தாராளமாக. புனே கல்லூரியின் ஆரம்பகால மாணவி புனிதா அரோரா 2004-இல் லெஃப்டினென்ட் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியப் பெண் அவர். 2024-இல் டாக்டர் ஆர்த்தி சரின் முப்படை மருத்துவப் பணிகளின் தலைமை இயக்குநரானார். அப்பொறுப்பிலும் முதல் பெண்.

"சம்பாத்தியம்?" நல்ல சம்பளம் உண்டு. ஆனால் வெளியில் சொந்த மருத்துவமனை வைத்திருக்கும் நண்பரோடு ஒப்பிட்டால் மனம் சங்கடப்படும். இரண்டு, மூன்று ஆண்டுக்கொருமுறை ஊர் மாற்றம் உண்டு. கள நிலையத்துக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறும். என் வீட்டில் அந்தப் பாரத்தைச் சுமந்தவர் என் மனைவி. இதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் சொல்வது நியாயமல்ல.

"போர் இல்லாதபோது என்ன வேலை?" படை மருத்துவமனைகளில் குடலிறக்கமும் பித்தப்பையும் முதல் புற்றுநோய் வரை எல்லா அறுவையும் உண்டு. நிலநடுக்கம், வெள்ளம் என்றாலும் முதலில் அழைப்பு வருவது இவர்களுக்குத்தான். சிகிச்சைக்குப் பின் என்ன ஆகிறது என்று பார்க்க விரும்புவோர் நம் ஊரிலேயே பார்க்கலாம். 1944-இல் தொடங்கிய செயற்கைக் கால் மையமும், கட்கியில் 1974 முதல் இயங்கும் முடக்குவாத மறுவாழ்வு மையமும் இங்கேதான் இருக்கின்றன. காயத்தின் கதை அறுவை அரங்கோடு முடிவதில்லை என்பதை அங்குள்ளவர்களே சொல்வார்கள்.

நம் சாலைகளுக்கும் இதே பாடம்

பிள்ளை பட்டாளத்துக்குப் போகப் போவதில்லை என்ற குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 1999 கார்கில் போரில் நாம் இழந்தவர்கள் 527 பேர். டிராமா சர்ஜன் தேவைப்படுகிற களம் எங்கே இருக்கிறது என்று இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைப் போன்ற சில இடங்களில் இன்று இத்துறைக்கெனவே எம்.சி.எச். படிப்பு இருக்கிறது. படையிலிருந்து ஓய்வு பெறும் சர்ஜன்களின் அனுபவமும் அங்கெல்லாம் பயன்பட வேண்டும்.

சர்ஜன் வரும்வரை சங்கிலியின் முதல் கண்ணி நீங்கள்தான். புனே–மும்பை நெடுஞ்சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் 108-ஐ அல்லது 112-ஐ அழையுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை அல்லது காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணிப்பட்டையைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். தேவையில்லாமல் கழுத்தை அசைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அந்தப் பாதுகாப்பைச் சட்டமாகவே ஆக்கியது. நம் சங்கத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்தப் பயிற்சிக்கென ஒதுக்கினால், சொல்லிக்கொடுக்க நான் தயார். இரண்டு மணி நேரம் போதும். பத்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம்.